கீழ்த்தாடை

செப்டம்பர் 23

இன்று அப்பாவிடம் சொல்லாதது: போர்ட் பிளேரில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

பவளப்பாறை மீன்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம். மூன்று வருடம். ஜனவரியில் சேர வேண்டும். மதியம் மின்னஞ்சல் வந்தது. மண்டபத்து மீன் பண்ணையிலிருந்து உச்சிப்புளி வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் உட்கார்ந்து வாக்கியத்தைத் தயார் செய்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆத்தா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயிலுப்பா."

அம்மா இறந்துபோனபோது நான் ஏழாம் வகுப்பு. அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொன்னால் அப்பா தடுக்கமாட்டார் என்று தெரியும். உடனே "போயிட்டு வா" என்பார். எனக்குப் பயம் அதுதான். தடுத்தால் சண்டை போடலாம். போ என்று சொல்பவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அப்பா குழம்பு ஊற்றிக்கொள்ளவில்லை. காரம் கூடிவிட்டது என்று மோர் ஊற்றிச் சாப்பிட்டார். குழம்பில் எனக்குக் காரம் தெரியவில்லை.

செப்டம்பர் 26

தொட்டிகளில் உப்பு அளவு பார்த்தேன். இரண்டு தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றினோம். வடகடல் கலங்க ஆரம்பித்துவிட்டது. தென்கடல் இன்னும் தெளிவு. எங்கள் பண்ணை தென்கடல் ஓரம் என்பதால் பிழைத்தோம்.

நிஜாம் காக்கா கீழக்கரைக்காரர். பண்ணை அவருடையது. ஊரே அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். பல வருடமாக அலங்கார மீன் குஞ்சு பொரித்து விற்கிறார். இந்த வருடம் புதிதாக பங்காய் கார்டினல் என்ற மீனைக் கொண்டுவந்திருக்கிறார். விரல் நீளம்தான் இருக்கும். வெள்ளி உடம்பு, அதில் மூன்று கறுப்புப் பட்டை, துடுப்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. இந்தோனேசியாவில் சில சின்னத் தீவுகளைச் சுற்றித்தான் இதன் சொந்த இடம். ஆழமில்லாத தண்ணீரில், பந்து போன்ற கடல் முள்ளெலிகளின் நீண்ட கறுப்பு முட்களுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். பெரிய மீன் வந்தால் முட்களுக்குள் போய்விடும்.

மற்ற மீன்களின் குஞ்சுகள் பொரித்ததும் நீரோட்டத்தோடு எங்கெங்கோ மிதந்து போகும். இதன் குஞ்சு எங்கேயும் போவதில்லை. பிறந்த இடத்து முட்களுக்குள்ளேயே வளர்ந்து, அங்கேயே முட்டையிட்டு, அங்கேயே சாகும். அதனால்தான் ஒரு தீவைச் சுற்றி வலை போட்டு அள்ளிவிட்டால் அந்தத் தீவில் அது முடிந்தது. வேறு இடத்திலிருந்து வந்து சேர ஆளில்லை. இதைப் படித்த நாளிலிருந்து இந்த மீன்மேல் எனக்குத் தனிப் பிரியம். காரணத்தை நான் துருவிப் பார்க்கவில்லை.

தொட்டியில் நிஜ முள்ளெலி வைத்தால் செத்து நாறிவிடுகிறது. அதனால் ஒயர் கட்டும் கறுப்பு கேபிள் டைகளை ஒரு பிளாஸ்டிக் பந்தில் நெருக்கமாகச் செருகி முள்ளெலி செய்தோம். மாலைக்குள் மீன்களெல்லாம் அதைச் சுற்றி நின்றன.

"பாரு நாச்சி, கடையில வாங்குன பிளாஸ்டிக்க நம்பி நிக்குது. நீ படிச்ச படிப்பெல்லாம் இதுகள ஏமாத்தத்தானா?" என்றாள் ரெஜினா. தங்கச்சிமடத்துப் பெண். என்னோடு தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாள். போர்ட் பிளேர் விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 3

மூன்றாம் தொட்டியில் முட்டை. இந்தப் பண்ணையில் இதுதான் முதல் தடவை.

பெண் மீன் முட்டைக் கொத்தை வெளியே விட்டதும் ஆண் அதை ஒரே வாயில் எடுத்துக்கொண்டது. இனி ஏறக்குறைய ஒரு மாதம் அதன் வாய்தான் கூடு. முட்டை வாய்க்குள்ளேயே பொரிக்கும்; பொரித்த குஞ்சும் பல நாள் வாய்க்குள்ளேயே இருக்கும். அதுவரை ஆண் எதையும் சாப்பிடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று ரெஜினாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். தீனி போட்டால் திரும்பிப் பார்க்கும், வராது. கன்னம் உப்பியிருக்கும். முக்கியமாகக் கீழ்த்தாடையைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் தாடைக்கோடு கீழே தொங்கினாற்போல் இருக்கும்.

"உனக்கு எப்படித்தான் கண்ணுல படுதோ," என்றாள். "எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் இருக்கு."

பழக்கம்தான் என்றேன். பெருமையாக இருந்தது.

அக்டோபர் 5

நல்ல செய்தி. அப்பா புகையிலையை விட்டுவிட்டார். வெற்றிலைப் பெட்டியையே காணோம். எத்தனை வருடம் கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒருமுறை பெட்டியைத் தூக்கிக் கிணற்றில்கூடப் போட்டிருக்கிறேன்.

"எப்பப்பா விட்டீங்க?"

"பத்து நாளாச்சு. நீ கவனிக்கலையா?"

"ஏன் திடீர்னு?"

"நீதான சொல்லிக்கிட்டே இருந்த."

என் பேச்சைக் கேட்டுவிட்டார் என்று இன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன். பால் பாயசம் வைத்தேன். அதை மட்டும் நன்றாகக் குடித்தார்.

அக்டோபர் 8

காக்கா சென்னையிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகளைக் கூட்டிவந்தார். மூன்றாம் தொட்டியைக் காட்டி, "இந்தா இவன்தான், வாயில பிள்ள வச்சிருக்கான்" என்றார். அவர்கள் செல்போன் விளக்கைப் போட்டு, கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தட்டினார். முதல் தடவை முட்டை எடுத்த ஆண், அதுவும் முதல் வாரம். விளக்குப் போடக்கூடாது. வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். காக்கா கோபித்துக்கொள்ளமாட்டார், நல்ல மனிதர். ஆனால் வந்தவர்கள் முன்னால் அவரை எப்படித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டே ஓரமாக நின்றேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 9

காலையில் போய்ப் பார்த்தேன். தாடை தட்டையாக இருந்தது. முழுங்கிவிட்டது. தீனி போட்டதும் முதல் ஆளாக வந்தது.

காக்கா, "சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அக்டோபர் 10

அடுத்த முட்டை வந்து குஞ்சு வெளியே வரட்டும், அதன்பின் அப்பாவிடம் சொல்கிறேன் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரு காரியத்தையாவது முழுதாக முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலையை ஒப்புக்கொள்வதாகப் பதில் அனுப்பிவிட்டேன்.

ரெஜினா என்னைத் திட்டினாள். "மீனு என்னைக்கு வாயத் தொறக்குதோ அன்னைக்குத்தான் நீயும் தொறப்பியா? அப்பாகிட்ட சொல்றதுக்கு மீனுகிட்ட எதுக்குப் பர்மிஷன்?"

அக்டோபர் 16

நேற்று அப்பா மதுரைக்குப் போயிருந்தார். கூட வேலை பார்த்த டிரைவரின் மகளுக்குக் கல்யாணம். கடைசி பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்பினார்.

"தாம்பூலப் பை எங்கப்பா?"

"பஸ்ஸுலயே விட்டுட்டேன் ஆத்தா."

ராமநாதபுரம்–ராமேஸ்வரம் பஸ் தடத்தில் அப்பா முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். யார் எந்த சீட்டில் குடையை விட்டார்கள், கூடையை விட்டார்கள் என்று நினைவு வைத்துத் தேடிப்போய்க் கொடுத்தவர். அதைச் சொல்லிச் சிரித்தேன். அப்பா தோளில் கிடந்த துண்டின் நுனியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். "எல்லாந்தான்" என்றார். வழக்கமாகக் கூட்டு, பொரியல், பாயசம் என்று பந்தியையே வரிசையாகச் சொல்வார்.

அக்டோபர் 25

மறுபடியும் முட்டை. அதே ஜோடி.

தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் துணி கட்டினேன். கதவில் "உள்ளே வரக்கூடாது" என்று எழுதி ஒட்டினேன். காக்கா அதைப் படித்துவிட்டு, "எனக்குமா?" என்றார். "உங்களுக்குத்தான் காக்கா," என்றாள் ரெஜினா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 30

மழை. கரன்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன். தாடை அப்படியே இருக்கிறது.

நவம்பர் 4

அப்பா இன்று மீனைப் பற்றி விசாரித்தார். இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை. நான் இட்லியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் இட்லியைப் பாலில் ஊறவைத்து, வலது பக்கமாகவே மெதுவாக மென்றுகொண்டிருந்தார்.

"எத்தன நாளு சாப்புடாமக் கெடப்பான்?"

"ஒரு மாசம் ஆகும்பா."

"செத்துற மாட்டான்?"

"மெலிஞ்சிருவான். சாக மாட்டான்."

"குஞ்சு வெளிய வந்துருச்சுன்னா?"

"அன்னைக்கே சாப்பிட ஆரம்பிச்சிருவான்."

"அப்பச் சரி," என்றார். ஒரு வாய் மென்று முழுங்கிவிட்டு, "ஆமா, அந்தமான் பக்கம் இந்த மீனு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அங்க வேற வகைதான்."

"அங்கயும் தண்ணி நல்லாருக்கும்னு சொல்றாங்க."

"நல்லாத்தான் இருக்கும்," என்றேன். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டேன். வாக்கியம் நுனிநாக்கில்தான் இருந்தது. குஞ்சு வெளியே வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 11

அப்பாவுக்குப் பல்வலி. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. எதிர்வீட்டு அக்கா, "என்னண்ணே, வாயில வெத்தல இல்லாமயே வெத்தல போட்ட மாதிரி பேசுறீங்க?" என்று கேலி செய்தார். அப்பா சிரிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ராமநாதபுரத்தில் பல் டாக்டரிடம் போகலாம், நான் லீவு போடுகிறேன் என்றேன். "உன் மீனு முடியட்டும் ஆத்தா. பல்லு எங்க ஓடிரப்போகுது?" என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இந்த வாரம் லீவு போட மனமில்லை. அதை எழுதிவைக்கிறேன், நிம்மதியாக இருந்தது என்பதை.

நவம்பர் 13

தீபாவளி முடிந்தது. அப்பா எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு சூட்கேஸ். சக்கரம் வைத்தது.

"இது எதுக்குப்பா?"

"சல்லிசாக் கெடச்சுது. வீட்டுல கெடக்கட்டும்."

அதிரசம் தொடவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். சட்டை தோளில் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது. புகையிலையை விட்டால் முதலில் உடம்பு இளைக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். படித்தேனா என்று இப்போது எழுதும்போது சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 18

ஆண் மீன் நன்றாக மெலிந்துவிட்டது. வாய் லேசாகத் திறக்கும்போது உள்ளே வெள்ளிப் பொட்டுகளாகக் குஞ்சுகளின் கண்கள் தெரிகின்றன. ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ, உள்ள இருந்து நம்மளப் பாக்குதுக," என்றாள்.

நவம்பர் 23

காலையில் வந்துவிட்டன.

முதலில் ஒன்று. பிறகு ஆண் தலையை ஒருமுறை உதறியது, நாலைந்து வந்தன. சிறுவிரல் நகத்தளவு. ஆனால் முழு மீன்; பட்டை, துடுப்பு எல்லாம் தாய் தகப்பனுக்கு இருப்பது போலவே. வெளியே வந்ததும் எதையும் தேடவில்லை. நேராக கேபிள் டை முட்களுக்குள் போய் நின்றன. முப்பதுக்கு மேல் இருக்கும்.

ஆணைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினோம். பசியில் குஞ்சுகளையே தின்றுவிடலாம். அங்கே தீனி போட்டதும் கவ்விக் கவ்விச் சாப்பிட்டது. காக்கா வீட்டிலிருந்து தொதல் வந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிளறி, இழுத்தால் ஜவ்வாக வரும் கீழக்கரைத் தொதல். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு துண்டை இலையில் மடித்து எடுத்துவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்கு வேற வேலை கெடச்சிருக்கு."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. "எப்பக் கப்பலு?" என்றார்.

நான் கப்பல் என்று சொல்லவில்லை. ஊரின் பெயரையே சொல்லவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். எப்பப் போகணும்? முன்னாடியே போயிரலாம்ல? இந்த மாசக் கடைசியிலயே போயிரு ஆத்தா."

"ஜனவரிப்பா. ஏன் வெரட்டுறீங்க?"

பேச்சை மாற்றுவதற்காகத் தொதலைப் பிரித்துக் கொடுத்தேன். கையில் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோனார். வாய் திறக்கவில்லை. ஒரு விரல் அளவு திறந்தது, அதற்குமேல் தாடை அசையவில்லை. மறுபடி முயன்றார். பிறகு தொதலை இலையிலேயே வைத்துவிட்டு, "அப்புறமாத் திங்கிறேன்" என்று திரும்பிக்கொண்டார்.

பக்கவாட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், இடது கன்னத்துக்குக் கீழே தாடைக்கோடு தொங்கியிருந்தது.

விலகி நிற்கும். தீனி போட்டால் திரும்பிப் பார்க்கும், வராது. கன்னம் உப்பியிருக்கும்.

"அப்பா, வாயக் காட்டுங்க," என்றேன்.

"பல்லு, ஆத்தா."

"காட்டுங்கப்பா."

காட்டவில்லை. துண்டை வைத்து மூடிக்கொண்டார்.

நவம்பர் 25

மதுரை. எந்த ஆஸ்பத்திரி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஆட்டோக்காரருக்கு வழி சொன்னார். எந்த வாசல், எந்த மாடி, எந்தக் கதவு, எல்லாம் தெரிந்திருந்தது.

டாக்டர் ஒரு அம்மா. அப்பாவைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"பூமிநாதன், உங்கள எப்ப வரச் சொன்னேன்? சதை எடுத்துப் பாத்த அன்னைக்கே சொன்னேன்ல, அடுத்த வாரமே ஆபரேஷன்னு? போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறீங்க."

சதை எடுத்துப் பார்த்தது அக்டோபர் பதினைந்து. கல்யாண நாள்.

"கொஞ்சம் வேலை இருந்துச்சு டாக்டர்," என்றார் அப்பா.

"என்ன வேலை?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பிள்ள ஊருக்குப் போகணும். போனபெறகு வந்து படுத்துக்கலாம்னு இருந்தேன். முன்னாடியே தெரிஞ்சா போக மாட்டா."

டாக்டர் என்னிடம் சொன்னார். அக்டோபரில் புற்று கன்னத்தின் உட்பக்கம் மட்டும்தான் இருந்தது. அதை மட்டும் எடுத்திருக்கலாம். இப்போது தாடை எலும்புக்கும் நாக்குக்கும் போயிருக்கிறது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் டீ விற்றுக்கொண்டு போனார். அப்பா எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"அந்தப் பிள்ள ரெஜினா. மார்க்கெட்டுல பாத்தேன். உனக்கும் எனக்கும் பெருமையா இருக்கட்டும்னு சொல்லிருச்சு. அதத் திட்டாத."

"எப்பச் சொன்னா?"

"அது ஆச்சு, புரட்டாசியில."

"தெரிஞ்சும் ஏம்பா கேக்கல?"

"நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். சொன்னா, உடனே கெளப்பிவிட்டுட்டு நானும் போயிப் படுத்துக்கலாம்ல. தெனமும் நீ வந்து ஒக்காரும்போது இன்னைக்குச் சொல்லிருவா, இன்னைக்குச் சொல்லிருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ஆத்தா." வாயை முழுதாகத் திறக்காமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அந்தமான் தண்ணியப் பத்திக்கூடக் கேட்டேன்."

டீ ஆறிப்போனது.

நவம்பர் 27

ரெஜினா அழுதாள். நான் திட்டவில்லை. அவள் சொன்னது ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில். நான் சொல்லாமல் இருந்தது இரண்டு மாதம்.

தொட்டிக்குப் போனேன். தொட்டிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலை வடிகட்டித் தீனியாகப் போட்டேன். குஞ்சுகள் முட்களை விட்டு ஒரு சாண் தூரம்கூட வரவில்லை. தீனி தங்களிடம் வரும்வரை நின்று, வந்ததும் கொத்தின.

இனி இந்த மீனைப் பற்றி யாராவது கேட்டால், அது தியாகம் செய்கிறது என்று சொல்லமாட்டேன். பண்ணைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன். வாயை மூடியிருப்பது எத்தனை நாள் என்று மீனின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. நாள் வந்ததும் வாய் தானாகத் திறக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எந்த நாளும் திறந்திருக்கலாம்.

டிசம்பர் 2

நாளை ஆபரேஷன். நர்ஸ் வந்து, "தாத்தா, பேச வேண்டியதெல்லாம் இன்னைக்கே பேசிக்கங்க" என்றார். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அப்பா யோசித்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உச்சிப்புளி, பிரப்பன்வலசை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம்," என்றார். பாதி ஊர்கள் சரியாக வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். "ஏறுங்க, ஏறுங்க, உள்ள எடம் இருக்கு," என்று முடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். போர்வையைச் சரி செய்தேன்.

டிசம்பர் 3

காலை உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் வெளியே வந்தார்.

பிப்ரவரி 19

கீழ்த்தாடையின் இடது பாதியையும் நாக்கின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். கதிர்வீச்சு வைத்தியமும் முடிந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார். பேச்சு வராது. சாப்பாடு குழாய் வழியாக. காலையிலும் மாலையிலும் நான் கொடுக்கிறேன், மதியம் எதிர்வீட்டு அக்கா. போர்ட் பிளேர் இடத்துக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டார். குஞ்சுகள் விற்கும் அளவு வளர்ந்து, சென்னைக்குப் போய்விட்டன. சூட்கேஸில் அப்பாவின் வேட்டிகளை வைத்திருக்கிறேன்.